பூவராகவனுக்குக் கிடைத்த லேசான வேலை

பூவராகவனைப் பற்றிப் பேச உட்கார்ந்தாலே எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. ஆள் இருந்தபோதும் கோபப்பட்டேன், போன பிறகும் படுகிறேன். ஒரு மனுஷன் இவ்வளவு அடங்கிப்போகக் கூடாது. யாராவது தள்ளி நில் என்றால் ஏன் என்று கேட்கமாட்டான். தள்ளி நின்றுவிட்டு, "இவ்ளோ போதுங்களா?" என்று வேறு கேட்பான். அப்படி ஒரு ஆள்.

கும்மிடிப்பூண்டியில் ஜி.என்.டி. ரோட்டை ஒட்டி ஒரு இரும்பு வார்ப்படக் கம்பெனி. நாங்கள் இரண்டு பேரும் அறுபத்தெட்டில் ஒன்றாகச் சேர்ந்தோம். அப்போது சுற்றிலும் நெல் வயலும் முள்ளுக் காடும்தான். அந்த வயல்களில்தான் என் அப்பா கூலிக்கு ஏர் ஓட்டினார், என் அம்மா நாற்று நட்டாள். எனக்கும் அதே கதி என்று இருந்தபோது கம்பெனி வந்தது. மோசஸ் என்று பேர் கொடுத்து, அச்சுப் பிடிக்கிற மோல்டராக ஆனேன். பூவராகவன் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்துக்காரன். மீன் பிடிக்கிற குடும்பம்.

அந்த ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. இன்ன குடும்பத்துக்கு இன்ன நாள் என்று ஊரே உட்கார்ந்து முறை பிரிக்கும். அதற்குப் பாடு என்று பேர். பாடு இருக்கிறவன்தான் ஏரியில் மனுஷன். கம்பெனியில் சட்டை போட்டுக்கொண்டு வேலை பார்க்கப்போகிற குஷியில், பூவராகவன் தன் பாட்டைத் தங்கச்சி புருஷன் லோகநாதனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வந்தான். விட்டால் விட்டதுதான், அப்புறம் ஊர் திருப்பித் தராது. பெண்டாட்டி பச்சையம்மா அன்றைக்கே தலையில் அடித்துக்கொண்டாளாம். குழந்தை குட்டி இல்லாத வீடு, எதை நம்பி உட்காருவது என்று அவளுக்குப் பயம். இவன் சிரித்தானாம்.

கம்பெனியில் அவனுக்குக் கிடைத்தது அச்சு உடைக்கிற இடம். இரும்பு ஆறிய பிறகு மண் அச்சைத் தட்டி உடைத்து, உள்ளே இருக்கிற வார்ப்பை வெளியே எடுக்க வேண்டும். வெந்துபோன மண் மாவு மாதிரிப் பறக்கும். மூக்கில் துணி கட்டினால் மூச்சு முட்டும், கட்டாவிட்டால் மண் உள்ளே போகும். அவன் கட்டாமலே வேலை செய்தான். ஐந்தாறு வருஷத்தில் நெஞ்சு போய்விட்டது. எழுபத்து மூன்று ஐப்பசியில், கம்பெனிக்கு வாராவாரம் வருகிற டாக்டர் அவன் முதுகில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, இந்த ஆளுக்குத் தூசி ஆகாது, பளு ஆகாது, லேசான வேலைதான் கொடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

எங்கள் சூப்பர்வைசர் அரசப்பன் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு மேனேஜர் துளசிராமனிடம் போனார். திரும்பி வந்து டீ குடிக்கும்போது நடந்ததை எங்களிடம் சொன்னார்.

"வார்ப்படத்துல லேசான வேலைன்னு இன்னாய்யா இருக்குதுன்னு கேட்டாரு. நான்தான் ஆபீஸ் முன்னாடி தோட்டம் சொம்மா கெடக்குதே சார்னு சொன்னேன். சரி, பாக்கட்டும்னாரு. ஜனவரி இருபத்தாறுக்கு மொதலாளி மெட்ராஸ்லேர்ந்து கொடி ஏத்த வர்றாரு. அன்னிக்குத் தோட்டம் பளிச்சுனு இருந்தா இவரையே தோட்டக்காரரா போட்டுடலாமாம். இல்லன்னா நர்சரிக்காரங்கிட்ட காண்ட்ராக்ட் உட்டுட்டு, இவரு கணக்க முடிச்சு அனுப்பிடுவாங்களாம்."

பூவராகவன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான். அவனுக்கு ஏரியும் இல்லை, உலையும் இல்லை. ஆபீஸ் வாசலில் இருந்த அந்த நாலு பாத்தி மண்தான் பாக்கி. அதில் பூ பூத்தால் சோறு.

மழை நின்று மார்கழி பிறந்தது. மார்கழியில் தோட்டத்தில் என்ன பெரிய வேலை இருக்கிறது? பனி கொட்டும். வெயில் ஏறுகிறவரை தண்ணீர் விடக் கூடாது. இலையில் நிற்கிற ஈரம் காய்ந்த பிறகு, பழுத்த இலையாகப் பார்த்துக் கிள்ள வேண்டும். சின்னக் களைக்கொத்தால் மண்ணை மேலாகச் சுரண்டிவிட வேண்டும். காலையில் நத்தை பொறுக்க வேண்டும். சாமந்தி சாய்ந்தால் சவுக்குக் குச்சி நட்டுக் கட்ட வேண்டும். குந்திக்கொண்டே செய்கிற வேலை எல்லாம்.

சாமந்தியை அவன் கட்டியிருந்த அழகை நாங்கள் எல்லோரும் போய்ப் பார்த்தோம். வாழை நாரால் கட்டவில்லை, வலை நூலால் கட்டியிருந்தான். ஒவ்வொன்றும் வலை முடிச்சு. "இன்னாப்பா, சாமந்தி எங்கியாவது நீந்தினு பூடப் போவுதா?" என்று கேட்டேன். அவன் சிரித்தான், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. ஆனாலும் அந்த மார்கழித் தொடக்கத்தில் ஆள் கொஞ்சம் தேறித்தான் இருந்தான். முகத்தில் மண் சாம்பல் இல்லாமல் அவனைப் பார்த்ததே எனக்குப் புதுசாக இருந்தது. வேலியோரம் டிசம்பர் பூ ஊதாவாகப் பூத்துக் கிடந்தது. போகும்போது நாலு பூவைப் பறித்துப் பச்சையம்மாவுக்குக் கொண்டுபோவான், அதையும் வாட்ச்மேனிடம் கேட்டுவிட்டு.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தூக்குவாளியைத் திறக்காமல் வைத்துக்கொண்டிருந்தான்.

"வேலை எப்டி கீது?" என்றேன்.

"ரொம்ப லேசா கீது மோசே. பயமா கீது."

"லேசா இருந்தா இன்னாடா பயம்? கையக் கால நீட்டினு செய்."

"மேனேஜரு ரூம்பு ஜன்னல் இங்கதான் கீது. எப்ப நிமிந்து பாத்தாலும் நான் குந்தினு கீறேன். சொம்மா குந்தினு கீறான்னு நெனச்சுக்குவாரு. அங்க ஒலக்கையால இடிக்கற மாதிரி மண்ணத் தட்டும்போது ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. இங்க பழுத்த எல கிள்ளுனா அது வேலையாப்பா?"

எனக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது. நெஞ்சையே கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு, உட்கார்ந்திருப்பதற்குக் கூசுகிறான். வாயில் வந்தபடி திட்டினேன். அவன் கேட்டுக்கொண்டு, பழுத்த இலையைக் கிள்ளப் போய்விட்டான்.

அவன் கவலை எல்லாம் ரோஜாவின் மேல்தான். கொடிக் கம்பத்தைச் சுற்றி வட்டமாக ரோஜாச் செடிகள். முந்தின தோட்டக்காரன் எருவே போடாமல் விட்டதில் நோஞ்சானாக நின்றன. முதலாளி வந்து நிற்கப்போவது அந்த வட்டத்தின் நடுவில். மொட்டு வைத்தால்தான் மானம். கம்பெனியில் எரு கேட்கலாம், ஆனால் கேட்டால் இவனுக்குச் செலவு வேறா என்று மேனேஜர் நினைத்துவிடுவார் என்று வாயே திறக்கவில்லை.

அவன் தங்கச்சி கனகாம்பாள் வாரச் சந்தைக்குக் கருவாட்டுக் கூடையோடு வருவாள். அவளைப் பார்த்ததும் இவனுக்கு ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. இவன் குப்பத்தில் இருந்த காலத்தில், கோடையில் கரையெல்லாம் பொடி மீனைக் கொட்டிக் காயவைப்பார்கள். தின்ன ஆகாத மீனெல்லாம் தூளாகும். நாயுடுபேட்டைப் பக்கத்திலிருந்து ரெட்டிமார்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து, அந்தத் தூளை வயலுக்கும் தோட்டத்துக்கும் எருவாக வாங்கிப் போவார்கள். அந்த மூட்டைகளை முதுகில் ஏற்றிவிட்டவன் இவன். அதைப் போட்டால் பயிர் கருகருவென்று எழும்பும் என்று அந்த வண்டிக்காரர்கள் தெலுங்கில் பேசிக்கொண்டது இவன் காதில் இன்னும் இருந்தது.

"கனகா, கருவாட்டுத் தூளு ஒரு மூட்ட கெடைக்குமா?" என்று கேட்டான்.

"அதுக்கு இன்னாண்ணா பஞ்சம்? கொட்டாயைப் பெருக்குனா வருது. அடுத்த சந்தைக்கு எடுத்தாறேன்" என்றாள் அவள்.

சொன்னபடி கொண்டுவந்தாள். பூவராகவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு ரோஜாவுக்கும் வேரைச் சுற்றிப் பள்ளம் பறித்து, கைநிறைய அள்ளிப் போட்டு, மண்ணை மூடித் தண்ணீர் விட்டான். சாமந்திக்கும் போட்டான். அன்றைக்கு ஆபீசில் ஒருத்தரும் சாப்பிடவில்லை. காக்காயும் நாயும் வந்து பாத்தியைக் கிளறின. "செடிக்குக் கருவாட்டுக் கொழம்பு வெச்சுட்டியாடா?" என்று கேட்டு நாங்கள் அவனை ஒரு வாரம் ஓட்டினோம். அவன் குச்சியை வைத்துக்கொண்டு காக்காய் விரட்டினான். ஒரு வேலை கிடைத்ததே என்று சந்தோஷமாகவே விரட்டினான்.

கொஞ்ச நாளில் ரோஜா இலையின் ஓரம் பழுப்பாக மாறியது. பனி கருக்கிவிட்டது என்று சொல்லி, சாயங்காலம் செடிக்கு மேல் சாக்கை விரித்துக் கட்டினான். பழுப்பு உள்ளே ஏறியது. வைத்திருந்த ரெண்டு மொட்டும் தலை தொங்கின. பசி தாங்காமல்தான் செடி இப்படிச் சோர்ந்துபோகிறது என்று முடிவு கட்டி, மூட்டையில் மிச்சம் இருந்ததையும் கொட்டிவிட்டான்.

அந்த வாரம் எனக்குக் காலை ஷிஃப்ட். ஆபீஸைத் தாண்டிப் போகும்போது பாத்தியைப் பார்த்தேன். பனி காய்ந்து, மண் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. வயலில் வளர்ந்தவனுக்கு அந்த வெள்ளை தெரியாமல் போகாது. குனிந்து ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

"டேய், இன்னாத்தடா போட்ட?" என்றேன்.

"கருவாட்டுத் தூளுதான்."

"நாக்குல வெச்சுப் பாரு."

வைத்துப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். "கருவாடு மாதிரி கீது. அதுக்கு இன்னா?"

"உப்புடா. உப்புப் பட்டா செடி செத்துடும்டா."

"எங்க ஊர்ல காத்தே உப்புதான் மோசே" என்றான். "குடிக்கிற தண்ணி உப்பு, குந்துற மண்ணு உப்பு. இதுல எது தனியா உப்புன்னு எனக்கு இன்னா தெரியும்? அங்க செடி யாரு வெச்சா?"

அடுத்த சந்தையில் கனகாம்பாளைப் பிடித்துக் கேட்டோம். அவள் ஆடிப்போய்விட்டாள். கோடையில் காய்கிற மீனுக்கு உப்பே வேண்டாம், மணலில் கொட்டினால் வெயிலே காய்ச்சிவிடும். ரெட்டிமார்கள் வண்டியில் ஏற்றிப் போனது அந்தத் தூள். மழை மாசத்தில் வெயில் ஏது? உப்பை வாரிப் போட்டுத்தான் பதம் பண்ணுவார்கள். கொட்டகையில் கிடப்பது பாதி மீன், பாதி உப்பு. ஆம்பளைங்க வலையோடு சரி, கரையில் காயவைப்பது முழுக்கப் பொம்பளைங்க வேலை. அதனால் இவனுக்கு இது தெரியாது. தூள் எதற்கு என்று அவள் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. "கோழிக்குப் போடத்தான் கேக்கறேன்னு நெனச்சேண்ணா" என்று சொல்லிச் சந்தையிலேயே அழுதாள்.

உப்பை வெளியேற்ற எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். போட்டதைத் தோண்டி எடுத்துவிட்டு, தண்ணீரைக் கொட்டிக் கொட்டி அலசி விட வேண்டும். அதைச் சொல்லித் தொலைத்தேன். கிணறு இருந்தது ஷெட்டுக்குப் பின்னால். நானும் இன்னும் ரெண்டு பேரும் ஷிஃப்ட் முடிந்து இறைத்து ஊற்றுகிறோம், நீ தொடாதே என்று படித்துப் படித்துச் சொன்னேன். கேட்டால்தானே? நாங்கள் வந்து ஊற்றுவதை ஜன்னலிலிருந்து பார்த்தால், இவனால் முடியவில்லை என்று மேனேஜருக்குத் தெரிந்துவிடுமாம். நாங்கள் உலையில் நிற்கிற நேரத்தில் அவனே இறைத்து, ரெண்டு கையிலும் வாளியோடு நடந்திருக்கிறான். நான் வெளியே வந்து பார்த்தபோது கிணற்றுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். மூச்சை இழுக்கிறான், உள்ளே போகமாட்டேன் என்கிறது. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"தூக்க வாணாம்னு டாக்டர் எழுதியே குடுத்தாரேடா பாவி" என்று கத்தினேன்.

"ஜன்னல் சாத்திதான் கீது. யாரும் பாக்கல" என்றான், பேச்சு வந்ததும்.

பொங்கலுக்கு என் பெண்டாட்டி சாராள் அவர்கள் வீட்டுக்கு ஒரு சட்டி சாம்பார் கொடுத்தனுப்பினாள். அவன் தொடவில்லையாம், பாயை விட்டு எழுந்திருக்கவில்லையாம். மறுநாள் வேலைக்கு வந்துவிட்டான். ஊற்றின தண்ணீர் களிமண்ணில் தேங்கிக்கொண்டது. பிழைத்திருக்கக்கூடிய ஒன்றிரண்டு செடியும் வேர் அழுகிச் செத்தது. சாமந்தியில் வலை முடிச்சு மட்டும் கெட்டியாக இருந்தது, உள்ளே தண்டு காய்ந்து நின்றது.

மேனேஜர் துளசிராமன் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அவர் வந்து பார்த்தார், "மண்ணு சரியில்ல போலிருக்கு" என்றார், போய்விட்டார். இருபத்தைந்தாம் தேதி மெட்ராஸ் நர்சரியிலிருந்து லாரியில் பூந்தொட்டிகள் வந்தன, வாடகைக்கு. ஒவ்வொன்றிலும் முறம் முறமாக ரோஜா. செத்த செடிகளைப் பிடுங்கிவிட்டு அந்தக் குழியில் தொட்டியை இறக்கி, விளிம்பு தெரியாமல் மண் அணைக்க வேண்டும். அந்த வேலையைப் பூவராகவனிடம்தான் கொடுத்தார்கள். கொடுத்தால் செய்யாமல் இருப்பானா? ஒரு தொட்டியின் விளிம்புகூடத் தெரியாமல் அவ்வளவு நறுவிசாகச் செய்தான்.

முதலாளி வந்து கொடி ஏற்றினார். தோட்டம் அழகாக இருக்கிறது என்றார். துளசிராமன் நர்சரிக்காரரை முன்னால் அழைத்து நிறுத்தினார். பூவராகவன் எங்கள் வரிசையில் கடைசியில், வெளுத்த சட்டையோடு நின்று கை தட்டினான். மிட்டாய் கொடுத்தார்கள், ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

மறுநாள் லாரி வந்து தொட்டிகளை ஏற்றிக்கொண்டு போனது. அரசப்பன் அவனை ஓரமாகக் கூப்பிட்டார். அவர் நல்ல மனுஷன்தான், சொல்ல முடியாமல் கையைப் பிசைந்தார்.

"காண்ட்ராக்ட் உட்டுட்டாங்க பூவராகவன். இனிமே லேசான வேலைன்னு ஒண்ணு இல்ல. டாக்டர் எழுதுனது அப்டியே இருந்தா, ஒங்கள வெச்சுக்க முடியாது."

"டாக்டர் மாத்தி எழுதுனா?" என்று கேட்டான் பூவராகவன்.

அரசப்பன் திரும்பி ஷெட்டுக்குள் போய்விட்டார்.

அந்த வாரம் டாக்டர் வந்தபோது இவனே உள்ளே போனான். என்ன பேசினானோ, எப்படி மூச்சைப் பிடித்தானோ, ஆள் தேறிவிட்டான், எந்த வேலையும் பார்க்கலாம் என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்தான். டாக்டருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தேதான் எழுதியிருப்பார், கேட்பவன் அப்படிக் கெஞ்சினால் அவர் என்ன செய்வார் என்று சாராள் சொல்கிறாள். எனக்கு அந்த டாக்டர் மேலும் கோபம்தான்.

நான் அவனைச் சட்டையைப் பிடித்துக் கேட்டேன். "சாவறதுக்குக் கையெழுத்து வாங்கினு வந்துகீறியே, ஒனக்கு இன்னா பைத்தியமா?"

"பாடு போச்சு மோசே. தோட்டம் போச்சு. இதுவும் போச்சுன்னா நான் இன்னான்னு சொல்லிக்கினு லோகநாதன் ஊட்டு வாசல்ல போயி நிக்கறது? பச்சையம்மாவ இன்னான்னு நிக்க வெக்கறது?" என்றான். குரலில் கோபம்கூட இல்லை. என் பிடி தானாக விட்டுவிட்டது.

மாசி பிறந்ததும் மறுபடியும் அச்சு உடைக்கிற இடத்துக்கு வந்துவிட்டான். பக்கத்தில் நின்று நான் அச்சுப் பிடிப்பேன், அவன் உடைப்பான். அரசப்பன் சுற்றி வரும்போது மட்டும் இருமலை அடக்கிக்கொள்வான். கழுத்து நரம்பு புடைக்கும், கண்ணில் தண்ணீர் கொட்டும், வாய் மூடியே இருக்கும். அவர் பக்கத்தில் வந்து, "ஒடம்பு எப்டி?" என்பார். இவன் தலையை மட்டும் ஆட்டுவான். அவருக்கும் தெரியும், எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் சீக்கிரமாக நகர்ந்துபோவார், இவன் இருமட்டும் என்றுதான்.

ஆடியில் செத்துப்போனான். காலையில் வேலைக்குக் கிளம்பிச் சட்டையை மாட்டும்போதே உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. கம்பெனியிலிருந்து ஒரு மாலை வந்தது. நாங்கள் ஷிஃப்டை மாற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது குப்பத்து ஜனங்கள் வந்திருந்தார்கள். லோகநாதன் தலைமாட்டில் நின்றான். கனகாம்பாள் அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு, உப்பு உப்பு என்று ஏதோ சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தாள். வந்தவர்களுக்கு அது புரியவில்லை.

பச்சையம்மா அழவில்லை. வருகிற ஒவ்வொரு பொம்பளையிடமும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வேலைய உட்டு அனுப்பலக்கா. வேலையில இருக்கும்போதேதான் போனாரு. கம்பெனி ஆளாவே போனாரு."

என்னைப் பார்த்ததும், "நீங்களே சொல்லுங்கண்ணே" என்றாள்.

ஆமாம்மா, கம்பெனி ஆளாகவேதான் போனான் என்று அத்தனை பேர் முன்னாலும் நான் சொன்னேன்.